வரிசையா, ஏலமா? – நிலுவையில் தேங்கும் கொடுக்கல்வாங்கல்களும் கணு மென்பொருளின் பொறுப்பும்

ஓர் ஆக்கத்தை மதிப்பிடுமிடத்து, அது கூறுவனவற்றை மட்டுமன்றிக் கூறாது விடுவனவற்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பது திறனாய்வின் அடிப்படை விதிகளுள் ஒன்று. இவ்விதி கவிதைக்கும் நாவலுக்கும் மாத்திரம் உரியதன்று. சமூகத்தின் கொடுக்கல்வாங்கல் முறையையே மாற்றியமைக்க முனையும் ஒரு தொழில்நுட்ப அறிக்கைக்கும், அதனை நடைமுறைப்படுத்தும் மென்பொருளுக்கும் அது பொருந்தும். மென்பொருளும் மனிதரால் எழுதப்படுவதே. எழுதியோர் யாரை மனத்திற் கொண்டு எழுதினர், யாரை மறந்தனர் என்பன அதன் வரிகளிற் பதிந்து கிடக்கின்றன. அவற்றை வாசித்தறிதல் கணினித் துறையினர்க்கு மட்டும் விடப்படத்தக்க பணியன்று.

சத்தோசி நக்கமோட்டோ என்னும் புனைபெயரில் 2008 ஒக்ரோபர் 31 இல் வெளியிடப்பட்ட பிட்கொயின் பற்றிய அறிக்கை ஒன்பது பக்கங்களையே கொண்டது. வங்கி போன்ற இடையாள் எவருமின்றி இருவர் தம்முள் நேரடியாகப் பணஞ் செலுத்தும் முறையொன்றை அது முன்வைத்தது. அம்முறையின் சாரம் எளியது. பணம் அனுப்புவோர் தமது கையொப்பமிட்ட செய்தியொன்றை வலையமைப்பில் விடுவர். அதனை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் கணினிகளே கணுக்கள் எனப்படுவன. அகழ்வோர் எனப்படுவோர் இத்தகைய செய்திகளைத் திரட்டி, ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை, ஒரு தொகுதியாக முத்திரையிட்டு முந்திய தொகுதியுடன் பிணைப்பர். இவ்வாறு பிணைக்கப்பட்ட தொகுதிகளின் சங்கிலியே புளொக்செயின். எல்லாக் கணுக்களும் ஒரே வடிவிற் பேணும் பேரேடு என அதனைக் கூறலாம்.

செய்தி விடப்படுவதற்கும் அது தொகுதியுள் இடம்பெறுவதற்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்வது யாது என்பது பற்றி அவ்வறிக்கை பெரிதும் மௌனஞ் சாதிக்கிறது. புதிய கொடுக்கல்வாங்கல் எல்லாக் கணுக்களையும் அடையாவிடினும் பலவற்றை அடைந்தாற் போதும், நெடுநேரம் ஆகுமுன் அது ஒரு தொகுதியுள் சேர்ந்துவிடும் என்ற எடுகோளுடன் அது அமைந்துவிடுகிறது. கட்டணம் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. ஆனால், அகழ்வோரின் உழைப்புக்கு எதிர்காலத்தில் எவ்வாறு ஊதியம் கிடைக்கும் என்ற கோணத்திலேயே அது பேசப்படுகிறது. கட்டணத்தைப் பெறுவோன் அங்கு இருக்கிறான். அதனைச் செலுத்த இயலாது காத்திருப்போன் இல்லை. அறிக்கை எழுதாது விட்ட இக்காத்திருப்பின் அத்தியாயத்தையே கணு மென்பொருள் பின்னர் துண்டு துண்டாக எழுதிக்கொண்டது. அது எவ்வாறு எழுதப்பட்டது, யாருடைய நலன் கருதி எழுதப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

காத்திருப்பு ஏன் தோன்றுகின்றது என்பதனை முதலில் தெளிதல் நன்று. ஒவ்வொரு கணுவும் தன்னிடம் வந்து சேர்ந்த, ஆயின் இன்னும் தொகுதியுட் புகாத கொடுக்கல்வாங்கல்களைத் தன் நினைவகத்திற் சேர்த்து வைக்கும். இச்சேமிப்புக்குத் தொழில்வழக்கில் மெம்பூல் என்று பெயர். பிட்கொயினின் தொகுதி ஒன்றின் அளவுக்கு 2010 ஆம் ஆண்டில் ஒரு மெகாபைற்று என்ற எல்லை நக்கமோட்டோவாலேயே விதிக்கப்பட்டது. 2017 ஓகஸ்ற் மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றம் இவ்வெல்லையை ஓரளவு தளர்த்தியது. எனினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 144 தொகுதிகளே உருவாகும். தொகுதி ஒவ்வொன்றும் சில ஆயிரங் கொடுக்கல்வாங்கல்களையே ஏற்கும். கேள்வி இதனை விஞ்சும்போது மெம்பூல் நிரம்புகிறது. இடம் அருமையாகும்போது அதனை யார்க்குப் பங்கிடுவது என்ற வினா எழுகிறது. இது பொருளியலின் மிகப் பழைய வினா. புதிய தொழில்நுட்பம் அதனை ஒழித்துவிடவில்லை.

பங்கீட்டுக்கு இரு வழிகள் உண்டு. வந்த ஒழுங்கில் ஏற்பது ஒன்று. கூடிய விலை தருவோரை ஏற்பது மற்றொன்று. முன்னது வரிசை, பின்னது ஏலம். பணம் அனுப்பியவர் தாம் வரிசையில் நிற்பதாகவே எண்ணுகின்றார். அவரது திரையில் ‘நிலுவையில்’ என்ற சொல் தெரிகிறது. அச்சொல் அவருடைய முறை வந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை ஊட்டுகின்றது. உண்மையில் அவர் நிற்பது ஓர் ஏலக்களத்தில். அவருக்குப் பின்னர் வந்தோர் கூடிய விலை கூறி அவரைத் தாண்டிச் செல்லலாம். எத்தனை நாள் நின்றாலும் அவருடைய காத்திருப்புக்கு மதிப்பேதும் இல்லை. தேக்கத்தின் வேர் இம்மயக்கத்திலேயே உள்ளது.

காத்திருப்புக்குச் சற்றேனும் மதிப்பிருந்த காலம் ஒன்றும் இருந்தது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. பிட்கொயின் மென்பொருளின் ஆரம்ப காலப் பதிப்புக்களில், தொகுதியின் ஒரு சிறு பகுதி கட்டணத்தைக் கருதாது, நாணயத்தின் பெறுமதியையும் அது அசையாது கிடந்த காலத்தையும் பெருக்கிக் கணித்த முன்னுரிமையின்படி நிரப்பப்பட்டது. கட்டணமின்றியும் ஒருவர் உட்புக அது வழிசெய்தது. 2016 பெப்ரவரியில் வெளிவந்த பிட்கொயின் கோர் 0.12 ஆம் பதிப்பு இப்பகுதியின் இயல்பு அளவைப் பூச்சியமாக்கியது. 2017 செப்ரெம்பரில் வந்த 0.15 ஆம் பதிப்பு அவ்வேற்பாட்டையே நீக்கிற்று. பழைய ஏற்பாட்டை இலட்சியப்படுத்துதல் பொருந்தாது. பெரிய பெறுமதி உடையோரே அதிலும் கூடுதலாகப் பயனடைந்தனர். அகழ்வோருக்கு அதனைப் பின்பற்றும் கட்டாயமும் இருக்கவில்லை. ஆயினும் அதன் மறைவோடு விலை தவிர்ந்த வேறெந்த அளவுகோலும் மென்பொருளில் எஞ்சவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வேலத்தின் கடுமை 2017 டிசெம்பரில் வெளிப்பட்டது. அம்மாதத்தின் பிற்பகுதியில் பிட்கொயின் கொடுக்கல்வாங்கல் ஒன்றுக்கான சராசரிக் கட்டணம் 50 அமெரிக்க டொலரைக் கடந்தது. அன்றைய நிலையில் ஐம்பது டொலரைத் தன் குடும்பத்துக்கு அனுப்ப முனைந்த ஒருவருக்கு அம்முறை முற்றாக மூடப்பட்டிருந்தது எனலாம். இலட்சக்கணக்கில் அனுப்பியவருக்கோ அது ஒரு பொருட்டன்று. கட்டணம் அனுப்பப்படும் தொகையைக் கொண்டன்றிச் செய்தியின் பைற்று அளவைக் கொண்டே கணிக்கப்படுவதால், சிறு தொகை அனுப்புவோர் மீதே அதன் பாரம் விழுகிறது. இடையாளை நீக்கி எல்லோரையும் சமமாக்கும் என்று கூறப்பட்ட முறை, நெருக்கடி வேளையில் யாரை முதலில் வெளியே தள்ளிற்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தேங்குதல் என்னும் ஒரே சொல்லால் வேறுபட்ட நான்கு நிலைமைகள் குறிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறியாது பரிகாரங் கூறுதல் பயனற்றது. கட்டணங் குறைந்தமையால் எந்தத் தொகுதியிலும் ஏற்கப்படாது கிடப்பது முதலாவது. தனக்கு முன்னர் செல்லவேண்டிய மற்றொன்று கிடப்பதனால் தானும் கிடப்பது இரண்டாவது. எதிர்த்தரப்பினர் திட்டமிட்டுத் தடுத்து வைப்பது மூன்றாவது. நான்காவது நிலைமை விசித்திரமானது: கணுக்கள் அதனை ஏற்கெனவே கைவிட்டிருக்க, அனுப்பியவரின் பணப்பை மென்பொருள் மாத்திரம் அதனை நிலுவையெனக் காட்டிக்கொண்டிருப்பது.

நான்காவதை முதலில் நோக்கலாம். 0.12 ஆம் பதிப்பு மெம்பூலுக்கு 300 மெகாபைற்று என்ற எல்லையை இயல்பாக வகுத்தது. எல்லை நிரம்பியதும் மிகக் குறைந்த கட்டண வீதமுடையவை வெளியேற்றப்படும். நெடுங்காலங் கிடப்பவையும் நீக்கப்படும். இதற்கான காலம் பின்னர் 336 மணித்தியாலங்கள், அதாவது பதினான்கு நாட்கள், என அமைக்கப்பட்டது. எல்லையற்றுப் பெருகும் மெம்பூல் கணுவையே வீழ்த்திவிடும் ஆதலின் இவ்வேற்பாடு அவசியமானதே. ஆனால் வெளியேற்றப்பட்டமை அனுப்பியவருக்கு அறிவிக்கப்படுவதில்லை. அறிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை. அவர் யார் என்பதுதானும் கணுவுக்குத் தெரியாது. மேலும், ஒரு கணு மறந்துவிடுவது கொடுக்கல்வாங்கல் இரத்தாவதற்குச் சமமன்று. கையொப்பம் அழிவதில்லை. அதன் பிரதியை வைத்திருக்கும் வேறெவரும் அதனை மீண்டும் பரப்பலாம். காசோலையொன்றை எழுதியவர் வங்கிக்கு எழுதி அதனை நிறுத்தலாம். குறித்த காலங் கடந்தால் அது தானே செல்லாதொழியும். ஈண்டு நிறுத்தும்படி ஆணையிடுதற்கு வங்கி இல்லை. பதினான்கு நாட் கழிந்தும் கையொப்பம் உயிருடன் இருக்கும். இடையாளை நீக்கியபோது இடையாளின் பிடியோடு அவன் செய்த பணியும் நீங்கிவிட்டது.

இரத்துச் செய்ய உண்மையில் ஒரு வழியே உண்டு. அதே நாணயத்தைப் பயன்படுத்தும் மற்றொரு கொடுக்கல்வாங்கல் முந்திக்கொண்டு தொகுதியுட் சேருமாயின் பழையது செல்லாததாகும். எனவே மாற்றீட்டை அனுமதிப்பதா இல்லையா என்பதே தேக்கத்தைத் தடுக்கும் மென்பொருளின் மையப் பிரச்சினையாயிற்று. இதன் வரலாறு கற்றற்குரியது. நக்கமோட்டோவின் ஆதி மென்பொருளில் மாற்றீட்டுக்கான இடம் இருந்தது. கொடுக்கல்வாங்கலின் ஒவ்வோர் உள்ளீட்டிலும் அதற்கென ஓர் எண் ஒதுக்கப்பட்டிருந்தது. மேலதிகச் செலவின்றி எத்தனை முறையும் மாற்றலாம் என்ற நிலை, விசமிகள் வலையமைப்பை வெள்ளத்தில் ஆழ்த்த வழியமைக்கும் என்பதால் 2010 இல் அது முடக்கப்பட்டது. இங்ஙனம் ஓர் ஆபத்தைத் தவிர்க்க எடுத்த முடிவே, கட்டணத்தைத் தவறாகக் கணித்தவர் அதனைத் திருத்த வழியற்று நிற்கும் நிலையைத் தோற்றுவித்தது.

டேவிட் ஹார்டிங், பீற்றர் டொட் ஆகியோர் 2015 டிசெம்பரில் முன்வைத்த 125 ஆம் இலக்கப் பிரேரணை இதற்கு ஒரு தீர்வு கண்டது. புதியது பழையதிலும் கூடிய கட்டணத்தைச் செலுத்துவதோடு, தன்னைக் கடத்துதற்கு வலையமைப்பு படும் செலவையும் ஈடுசெய்தல் வேண்டும். ஒரு மாற்றீட்டினால் வெளியேற்றப்படுபவை நூறுக்கு மேற்படலாகாது. செலவற்ற மாற்றீட்டின் ஆபத்தைச் செலவுள்ள மாற்றீட்டினால் நீக்கியது இதன் நுட்பம். எனினும் தான் மாற்றப்படலாம் என முன்கூட்டியே அறிவித்த கொடுக்கல்வாங்கல்களுக்கே அவ்வுரிமை வழங்கப்பட்டது. தொகுதியுட் சேருமுன்னரே பணத்தைப் பெற்றதாகக் கொண்டு பொருளை விற்கும் வணிகரின் எதிர்ப்பு இவ்வரையறைக்குப் பின்னணியாய் இருந்தது. மாற்றீடு அனுமதிக்கப்பட்டால், பொருளைப் பெற்றபின் வாங்குவோர் பணத்தைத் தமக்கே திருப்பிக்கொள்வர் என அவர்கள் அஞ்சினர்.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அவர்கள் நம்பியது கணுக்களின் நாகரிகத்தை, பேரேட்டின் உறுதிப்பாட்டையன்று. இவ்விடத்து ஒரு வேறுபாட்டினை வலியுறுத்தல் அவசியம். எத்தொகுதி செல்லுபடியாகும் என்பதை எல்லாக் கணுக்களும் ஒருப்பட ஏற்கும் விதிகள் தீர்மானிக்கின்றன. மெம்பூலில் எதை வைப்பது, எதை நீக்குவது, எதை மாற்றுவது என்பன அவ்வாறான விதிகளல்ல. ஒவ்வொரு கணுவும் தன் விருப்பிற்கேற்ப வகுத்துக்கொள்ளும் நடைமுறைகளே அவை. அகழ்வோர் கூடிய கட்டணத்தை ஏற்பதைத் தடுக்க எவராலும் இயலாது. 2022 இல் வெளியான 24.0 ஆம் பதிப்பு எல்லாக் கொடுக்கல்வாங்கல்களையும் மாற்றத்தக்கனவாகக் கொள்ளும் தெரிவை வழங்கியது. 2024 ஒக்ரோபரில் வெளியான 28.0 ஆம் பதிப்பு அதனை இயல்பு நிலையாக்கியது. 2025 ஏப்ரலில் வந்த 29.0 ஆம் பதிப்பில் அதனை நிறுத்தும் தெரிவும் நீக்கப்பட்டது. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், திருத்தும் உரிமை மீண்டும் எல்லோர்க்கும் உரியதாயிற்று.

பெறுவோருக்கும் ஒரு வழி திறக்கப்பட்டது. தேங்கிய கொடுக்கல்வாங்கலினூடாகத் தமக்கு வரவேண்டிய நாணயத்தைக் கூடிய கட்டணத்துடன் உடனே செலவிடும் இன்னொன்றை அவர் உருவாக்கலாம். பின்னதன் கட்டணத்தை விரும்பும் அகழ்வோர் முன்னதையும் சேர்த்தே ஏற்கவேண்டும். பிள்ளை பெற்றோருக்காகச் செலுத்துதல் என இது அழைக்கப்படும். 2016 ஓகஸ்றில் வெளியான 0.13 ஆம் பதிப்பு, தொகுதியை அமைக்குமிடத்து முன்னோரையும் சேர்த்துக் கட்டண வீதத்தைக் கணித்ததன் மூலம் இதனைப் பயனுறச் செய்தது. இவ்வழியிலும் ஓர் ஓட்டை இருந்தது. பெற்றோரின் கட்டணம் மெம்பூலின் கீழெல்லைக்கும் குறைந்ததாயின் கணு அதனை ஏற்காது. பெற்றோர் இல்லாத பிள்ளையையும் ஏற்காது. இரண்டையும் ஒன்றாக மதிப்பிட்டுக் கடத்தும் வசதி, வரையறுக்கப்பட்ட அளவில், 28.0 ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றது. அதே பதிப்பு மூன்றாவது வகைத் தேக்கத்துக்கும் ஒரு மறுமொழி கூறியது. இருவர் கூட்டாக முன்கூட்டியே கையொப்பமிடும் ஒப்பந்தங்களில், ஒருவர் பருமனான, குறைந்த கட்டண வீதமுடைய பிள்ளையை இணைத்து மற்றவரின் மாற்றீட்டைத் தடுக்க முடியும். தன்னை மூன்றாம் வகையென அறிவிக்கும் கொடுக்கல்வாங்கல்கள், தொகுதியுட் புகாத ஒரு பிள்ளையை மட்டுமே, அதுவும் ஆயிரம் பைற்று அளவுக்கு உட்பட்டே கொண்டிருக்கலாம் என்று வரையறுத்ததன் மூலம் அத்தடையின் பலம் குறைக்கப்பட்டது.

இரண்டாவது வகைத் தேக்கத்தின் முழு வடிவையும் எதீரியத்திலேயே காணலாம். 2015 யூலையில் இயங்கத் தொடங்கிய அவ்வலையமைப்பில் ஒவ்வொரு கணக்கின் கொடுக்கல்வாங்கல்களும் தொடர் எண் பெறுகின்றன. 41 ஆம் எண் நிறைவேறாது 42 ஆம் எண் நிறைவேறாது. ஒரே செய்தி இருமுறை நிறைவேறுவதைத் தடுக்கும் சிறந்த ஏற்பாடு இது. ஆனால் குறைந்த கட்டணத்துடன் அனுப்பிய 41 கிடந்தால், எவ்வளவு உயர்ந்த கட்டணத்துடன் அனுப்பினும் 42 உம் 43 உம் அதன் பின்னாலேயே கிடக்கும். பரவலாகப் பயன்படும் கெத் என்னும் கணு மென்பொருள் இவற்றை இரு பகுதிகளாக வைக்கிறது: உடன் நிறைவேறத்தக்கவை ஒன்று, இடையில் எண் விடுபட்டமையால் நிறைவேற முடியாதவை மற்றொன்று. பின்னவை இயல்பு அமைப்பில் மூன்று மணித்தியாலங்களில் நீக்கப்படலாம். ஒரே எண்ணில் மாற்றீடு அனுப்புவதாயின் கட்டணத்தைக் குறைந்தது நூற்றுக்குப் பத்து வீதம் உயர்த்தல் வேண்டும். ஐந்து வீதம் உயர்த்தி அனுப்பும் மாற்றீடு நிராகரிக்கப்படும். எனவே தேக்கத்தை நீக்குவதற்கு விடுபட்ட எண் எது என்பதையும், அதனை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்பதையும் அறிந்திருத்தல் அவசியம். அறியாதோர் மேலும் மேலும் புதிய எண்களில் அனுப்பித் தேக்கத்தைப் பெருக்குவர்.

இவ்வறியாமையின் விலை 2020 மார்ச் 12 இல் கணிக்கப்பட்டது. அன்று எதீரியத்தின் நாணயமாகிய ஈதரின் விலை சடுதியாக வீழ்ந்தது. ஈதரை ஈடாக வைத்துக் கடன் பெறும் மேக்கர் என்னும் முறையில், ஈட்டின் பெறுமதி குறைந்ததும் அது தன்னியக்கமாக ஏலத்தில் விடப்படும். தன்னியக்க நிரல்கள் விலை கூறி அதனை வாங்குதல் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முனைந்தமையால் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. பல நிரல்கள் பழைய கட்டணத்திலேயே விலை கூறின. அவற்றின் கொடுக்கல்வாங்கல்கள் நிலுவையில் தேங்கின. போட்டியாளர் இல்லாத ஏலங்களில், உயர்ந்த கட்டணஞ் செலுத்தி உட்புகுந்த சிலர் பூச்சிய விலை கூறியே ஈட்டைப் பெற்றனர். 80 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட ஈதர் இவ்வாறு விலையின்றிக் கைமாறியது. கடன் பெற்றோர் ஈட்டின் ஒரு பகுதியேனும் மீளக் கிடைக்கும் என எதிர்பார்த்திருந்தனர்; பலருக்கு எதுவும் எஞ்சவில்லை. களவோ கையொப்ப மோசடியோ அங்கு நிகழவில்லை. விதிகள் யாவும் எழுதியபடியே இயங்கின. தேங்கிய செய்தியைத் திருத்தி முன்னனுப்பத் தெரியாத நிரல்களும், ஏலத்தைக் குறுகிய நேரத்தில் முடித்துவிடும் ஏற்பாடும் ஒன்றுசேர்ந்து இழப்பை உண்டாக்கின. நிலுவை என்பது வெறும் அசௌகரியம் என்று கருதுவோர்க்கு இந்நிகழ்ச்சி தக்க மறுமொழியாகும்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. 2023 மே 7 ஆம் திகதி பைனான்ஸ் என்னும் பரிவர்த்தனை நிலையம் பிட்கொயின் மீளப்பெறுதலை இடைநிறுத்த நேர்ந்தது. கட்டணம் திடீரென உயரும் என்பதனைத் தனது முன்னமைப்புக் கருதவில்லை என அது விளக்கியது. தேங்கியவற்றைக் கூடிய கட்டணத்துடன் மாற்றீடு செய்து விடுவித்தது. நிறுவனத்திடம் அதற்கான மென்பொருளும் நிபுணரும் பணமும் இருந்தன. மாற்றீட்டு வசதியற்ற பணப்பை மென்பொருளைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்த தனியாளுக்கு அன்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கட்டணத்தை முன்கூட்டியே அறியச் செய்தால் தேக்கம் குறையும் என்பது மற்றொரு சிந்தனை. எதீரியத்தில் 2021 ஓகஸ்ற் 5 இல் நடைமுறைக்கு வந்த 1559 ஆம் இலக்கப் பிரேரணை அதன் வெளிப்பாடு. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அடிப்படைக் கட்டணம் விதியினாலேயே கணிக்கப்படுகிறது. முந்திய தொகுதி நிரம்பியிருப்பின் அது கூடும், குறைந்திருப்பின் குறையும். ஆயின் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே நூற்றுக்கு 12.5 வீதத்துக்கு மேல் மாறாது. அனுப்புவோர் தாம் செலுத்தத் தயாராயுள்ள உச்ச அளவைக் குறிக்கலாம். அதிலும் குறைவாகவே தேவைப்படின் மிகுதி அறவிடப்படாது. ஊகத்தின் இடத்தைக் கணிப்பு பெற்றமையால் கவனக்குறைவாற் தோன்றும் தேக்கம் குறைந்தது எனக் கூறலாம். ஆனால் இடம் பெருகவில்லை. உச்ச அளவைக் குறைவாகக் குறித்தவர் முன்னைப் போலவே வெளியில் நிற்கிறார். ஏலம் ஒழுங்குபடுத்தப்பட்டது, ஏலம் ஒழியவில்லை.

இதனினும் அடிப்படையான மாற்றத்தை ஸீகாஷ் வலையமைப்பு மேற்கொண்டது. 2018 யூன் மாத மேம்பாட்டுடன் ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் காலாவதி எல்லை குறிக்க வழிசெய்யப்பட்டது. குறித்த இலக்கத் தொகுதிக்குள் சேராவிடின் அது செல்லாது. இவ்வெல்லை கணுவின் விருப்பிற்கு விடப்பட்டதன்று. யாவரும் ஏற்கும் விதி. ஆதலின் ‘நிலுவை’ என்பதற்கு அங்கு முடிவொன்று உண்டு. இயல்பு அமைப்பில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துள் அது நிறைவேறும், அல்லது இறந்துபடும். இரண்டுமற்ற நிலை நீடிப்பதில்லை. இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயத்தையும் புறக்கணித்தல் தகாது. சங்கிலியின் நுனியில் தொகுதிகள் சிலவேளை கழிக்கப்பட்டு வேறு தொகுதிகள் அமைவதுண்டு. அவ்வேளை, ஒருமுறை நிறைவேறிய கொடுக்கல்வாங்கல் மீண்டும் சேர்க்கப்படுமுன் காலாவதியாகிவிடலாம். அதிற் தங்கிய பிறவும் வீழும். நிலுவையின் முடிவை உறுதிசெய்வதற்காக நிறைவின் உறுதியில் ஒரு சிறு பங்கை விட்டுக்கொடுக்க நேர்கிறது. எனினும் பெறுவோர் சில தொகுதிகள் கழியும்வரை பொறுத்திருந்தால் இவ்விடர் பெரிதும் தணியும். அனுப்பியவரின் நிச்சயமின்மைக்கோ அத்தகைய எளிய மருந்து இல்லை. இரு தரப்பையும் எடைபோடுமிடத்துக் காலாவதி விதியே நீதிக்கு அணித்தானது எனக் கொள்ளத் தகும்.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. தேக்கத்தை முற்றாகத் தடுக்கும் மென்பொருள் என்று ஒன்று இருத்தல் இயலாது. மாற்றீட்டினால் ஒருவர் முன்னேறினால் மற்றொருவர் பின்தள்ளப்படுவார். தனியாளுக்குப் பரிகாரமாவது சமூகத்துக்குப் பரிகாரமாவதில்லை. இடப்பற்றாக்குறை உள்ளவரை யாரோ ஒருவர் காத்திருத்தல் வேண்டும். ஆனால் அவர் எவ்வாறு காத்திருக்கிறார் என்பது மென்பொருளை எழுதுவோரின் கையில் உள்ளது. தமது செய்தி கணுவில் உள்ளதா, கைவிடப்பட்டதா, முன்னதொன்றினால் தடுக்கப்பட்டதா என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. அதனைத் திருத்தவோ மீட்கவோ தெளிவான விதியொன்றின் கீழ் வழி இருத்தல் வேண்டும். அவ்வழிக்குரிய கட்டளை நிபுணரின் கருவிப்பெட்டிக்குள் மறைந்திராது, சாதாரண பணப்பையின் முகப்பிலேயே இருத்தல் வேண்டும். எக்காலத்தில் அக்காத்திருப்பு முடியும் என்பதும் முன்கூட்டியே தெரிதல் வேண்டும். இம்மூன்றும் கிடைக்குமாயின் ஏலம் வரிசையாகிவிடாது. எனினும் ஏலம் என்று அறிந்தே ஒருவர் அதிற் பங்குகொள்வார்.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. 300 மெகாபைற்று, 336 மணித்தியாலம், நூற்றுக்குப் பத்து வீதம் என்பன இயற்கை நியதிகளல்ல. எந்தச் சட்டமன்றமும் அவற்றை விவாதித்து நிறைவேற்றவில்லை. மென்பொருளுடன் வரும் இயல்பு எண்கள் அவை. மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஏட்டளவில் யாவர்க்கும் உண்டாயினும், மிகப் பலர் அவற்றை மாற்றுவதில்லை. மாற்றப்படாத எண் நடைமுறையிற் சட்டமாகிறது. அதிகார மையம் எதுவுமில்லை என்று பெருமை கூறும் முறையொன்றில், அதிகாரம் இத்தகைய சிறிய எண்களிற் குடியிருக்கிறது. பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் ஒவ்வொரு மாற்றமும் கணுவின் பாதுகாப்பு, அகழ்வோரின் வருவாய், வலையமைப்பின் செலவு ஆகியவை கொண்டு நுணுக்கமாக அளக்கப்படுகிறது. அவ்வளவுகோல்கள் பிழையானவை அல்ல. ஆயின் குறைந்த தொகை அனுப்பிக் காத்திருப்பவரின் நிலை எவ்வாறு மாறும் என்ற வினாவும் அவற்றுடன் ஒப்ப வைக்கப்படல் வேண்டும்.

நக்கமோட்டோவின் அறிக்கை ஒரே பணத்தை இருமுறை செலவிடுதல் என்ற பிரச்சினைக்கு நடுவர் எவருமின்றித் தீர்வு கண்டது; அச்சாதனையை இவ்விமர்சனம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒருமுறையேனும் செலவிட இயலாது நிற்பவரை அது எண்ணிப் பார்க்கவில்லை. 2010 இல் மூடிய கதவைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து முழுமையாகத் திறந்தது உட்பட, பின்வந்த மென்பொருள் வரலாறு முழுவதும் அக்குறையை நிரப்பும் முயற்சியாகவே அமைந்தது. அம்முயற்சி இன்னும் நிறைவுறவில்லை. கணினி விஞ்ஞான மாணவர் இதனைச் செயற்றிறன் பற்றிய பிரச்சினையாகவும், பொருளியல் மாணவர் விலைப் பொறிமுறை பற்றிய பிரச்சினையாகவும் தனித்தனியே அணுகுவர். இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து அம்மென்பொருளின் வரிகளை வாசிக்கும்போதே, அங்கு காத்திருக்கும் மனிதர் அவர்களது கண்ணிற் படுவர்.